சுழல்தட்டில் வைத்த வெற்றிலை

நான் டோஹாவில் டர்ன்டேபிள் வாங்கிய மாதத்தில் ஊரில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவின் தகரக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படிச் சுற்றினாலும் கேட்கிறவர்கள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். ஆமாம், ஒழுகியது. ஆமாம், அது தெரிந்துதான் வாங்கினேன். அந்தத் தகரத்தை மாற்றவேண்டியது தோட்டத்து நிர்வாகம். அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அந்தத் தோட்டத்துக்கு உழைத்திருக்கிறார்கள். தோட்டத்துக் கூரையை என் சம்பளத்தில் நான் ஏன் மாற்றவேண்டும்?

நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவில், பஸ் ரோட்டிலிருந்து ஏறிப் போகிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். திருவிழா, கல்யாணம், சாவு என்றால் தப்பு என்கிற பறை அடிக்கிறவர். தாத்தா காலத்திலிருந்து தோட்டத்தில் தப்பு அடிக்கிற குடும்பம் எங்கள் குடும்பம்தான். தப்புச் சத்தம் இல்லாமல் சாமி கோயிலை விட்டு இறங்காது. ஆனால் அடிக்கிறவர் நிற்கவேண்டிய இடம் கோயில் வாசல் இல்லை. மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம்.

அழைப்பதற்கும் ஒரு முறை இருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் மற்ற வீடுகளுக்குப் போனால் வெற்றிலை பாக்கைக் கையில் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால், அப்பா தப்பைத் தோல் மேலே பார்க்கத் தட்டு மாதிரி நீட்டுவார். தலைவர் அதன் மேல் வெற்றிலையைப் போடுவார். கையில் கை படாது. யாரும் அதை வெறுப்போடு செய்து நான் பார்த்ததில்லை. அப்படித்தான் என்று செய்தார்கள். அப்பாவும் அப்படித்தான் என்று நீட்டினார்.

அம்மா மட்டும் அந்த நேரத்தில் வெளியே வரமாட்டார். அடுப்படியில் நின்று ஏதாவது ஒரு சட்டியைச் சத்தமாகக் கழுவுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் பார்த்த முதல் ஆள் நான். என்னை அனுப்பியதற்கு அம்மாவிடம் ஒரே காரணம்தான் இருந்தது.

“ஒன் கையில குச்சி வரக்கூடாது. பேனா வரணும். அவ்வளவுதான்.”

பேனா வந்தது. ஹட்டனுக்கு பஸ்ஸில் போய் உயர்தரம் வரை படித்தேன். பிறகு டோஹாவில், ஹோட்டல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்புகிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் பேனா. அம்மாவுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அதை அவர் லயம் முழுக்கக் காட்டினார்.

ஒரு பின்னேரம் சாமான் இறக்க லொறியோடு ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போயிருந்தேன். மண்டபம் காலியாக இருந்தது. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் மேடையில் இரண்டு சுழல்தட்டுகளை வைத்து இரவு நிகழ்ச்சிக்குச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை தட்டின் மேல் படுத்துக் கிடந்தது. மற்றக் கை பக்கத்திலிருந்த குமிழை வெட்டி வெட்டி நகர்த்தியது. சத்தத்தைப் பிடிக்கிறார், விடுகிறார், ஓடவிட்டுத் திரும்பவும் பிடித்து இழுக்கிறார். எனக்கு அது புதிதே இல்லை. மெல்லிய குச்சியால் தோலை அமுக்கி, தடித்த குச்சியால் அடித்து, அமுக்கலைத் தளர்த்திச் சத்தத்தை ஓடவிடுகிற அப்பாவின் இரண்டு கைகளை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக இருந்தது வேறொன்று. கோட்டுப் போட்ட மேனேஜர் ஒருவர் மேடையில் ஏறி, அந்த மனுசருக்குக் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தோளில் தட்டிவிட்டும் போனார்.

நான் வெங்காய மூட்டையோடு நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஹோட்டலுக்குப் போகும்போதெல்லாம் அவரோடு பேச்சுக் கொடுத்தேன். ஊருக்கே திரும்பப் போகிறேன், சாமான்களை விற்கிறேன் என்று ஒரு நாள் சொன்னார். கூடுதல் நேர வேலைக்கு எல்லாம் பேர் கொடுத்துக் காசு சேர்த்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். என் அறையில் இருந்த மஸ்கெலியா அண்ணனும் துணைக்கு வந்தார். துணைக்கு என்பதை விட, என்னைத் தடுக்க வந்தார் என்பதே சரி.

“தம்பி, பாட்டுக் கேக்கணும்னா போன்ல கேளு. இந்தக் காசுக்கு ஒங்கம்மா கழுத்துல ஒரு சங்கிலி தொங்கும்.”

“சங்கிலி பாட்டுப் பாடாதுண்ணே.”

“இதுவும் பாடாது. நீதான் பாடப் போற, வீட்டுக்குப் போனதும்.”

பிலிப்பைன்ஸ்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருவருக்கும் பொதுவான உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். “நீயும் டீஜேயா?”

“என் அப்பா” என்றேன்.

“எந்த கிளப்?”

“கோயில். சாவு வீடு.”

அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, “கஷ்டமான கூட்டம்” என்றார், ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பற்றிப் பேசுகிற குரலில்.

சுழல்தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. தட்டு சுற்றும்போது அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் அசையாமல் நிற்கவேண்டும். நின்றால் வேகம் சரி. ஒன்றில் நின்றன. மற்றதில் மெதுவாக ஊர்ந்தன. எத்தனையோ வீடியோ பார்த்துப் படித்துப் போயிருந்ததால், இது சரியில்லை என்று சொன்னேன். அவர் ஒரு திருகாணியைத் தேடிப் பிடித்துத் திருப்பினார். ஊர்ந்த புள்ளிகள் தயங்கி, நின்றன. அவ்வளவு வேகமாகச் சுற்றுகிற ஒன்று அப்படி நிலைகுத்தி நிற்பதை மஸ்கெலியா அண்ணனும் குனிந்து பார்த்தார். “சரி, எடுத்துத் தொலை” என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே ஆசீர்வாதம்.

இரண்டையும் இணைக்கிற பெட்டியும், கம்ப்யூட்டரில் இருக்கிற பாட்டை அந்தத் தட்டைக் கொண்டே திருப்பி ஓட்டுவதற்கான விசேஷ இசைத்தட்டுகளும் சேர்ந்து கிடைத்தன. என் கட்டிலின் மேல் பலகை போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிப் பழகினேன். அறையில் இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்காது. என் கைகள் மட்டும் தெரியும். பேய் ஓட்டுகிறான் என்றார்கள். ஓட்டினேன்.

அம்மாவிடம் மறைக்கவில்லை. ஒரு சங்கிலி வாங்குவதாக அவரிடம் சொல்லியிருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் போனில் கேட்டார்.

“சங்கிலி எடுத்துட்டியா?”

“இல்லம்மா. ஒரு மெசின் எடுத்தேன்.”

“தையல் மெசினா?”

“பாட்டுப் போடுற மெசின். டீஜேக்காரங்க வச்சிருப்பாங்கல்ல, அது.”



“ஒங்க அப்பா கையில இருக்கிறது பத்தாதா? கடல் தாண்டிப் போயி, காசு குடுத்து வாங்குனியா அத?”

அது வேறு, இது வேறு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவும் சமாதானமாகியிருப்பார். ஆனால் எனக்கு அது வேறாகத் தெரியவில்லை.

“அதேதாம்மா” என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

வேலை ஒப்பந்தம் முடிந்ததும் தட்டுகளைக் கழற்றி, ஊசிக் கையை அசையாமல் கட்டி, சுற்றிலும் போர்வைகளைத் திணித்துப் பெட்டி போட்டுக் கப்பலில் அனுப்பிவிட்டு ஊருக்கு வந்தேன். வெளிநாட்டுப் பெட்டி திறப்பது எங்கள் லயத்தில் ஒரு விசேஷம். யாரும் யாரையும் அழைக்கவேண்டியதில்லை; எல்லாரும் வந்துவிடுவார்கள். மேலே இருந்த சவர்க்காரமும் சொக்லேட்டும் போயின. போர்வைகளை ஆளுக்கொன்றாக அம்மா கொடுத்தார். அடியில் வட்டமாக இரண்டு தெரிந்ததும் பக்கத்துக் காம்பரா மாமி கையைத் தட்டினார்.

“அடியே, ஒம் மகன் கேஸ் அடுப்பு கொண்டாந்திருக்கான்! ரெட்டை அடுப்பு!”

“அடுப்புன்னா நானே கும்பிட்டு வாங்கிக்குவேனே” என்றார் அம்மா.

கூரை ஒழுகாத ஓர் இடமாகப் பார்த்து, முன்பக்கத்துத் திண்ணையான இஸ்தோப்பில் மேசை போட்டு இரண்டையும் வைத்தேன். நோர்வூட்டில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கும், வட்டவளைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கும் போய்ப் பாட்டுப் போட்டேன். நல்ல பேர் வந்தது.  அம்மா தூசி துடைக்கும்போது அந்த மேசையை மட்டும் விட்டுவிட்டுத் துடைப்பார்.

திருவிழா நெருங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் தலைவர் வந்தார்.

“தம்பி, இந்த வருசம் டவுன்ல இருந்து டீஜே எடுக்கல. நம்ம தோட்டத்துப் புள்ள நீ இருக்கும்போது வெளியாளு எதுக்கு?”

“எங்க தலைவரே நிக்கணும்?”

“மேடையிலதான், பின்ன எங்க? லைட்டெல்லாம் போட்டு ஜோரா.”

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். பக்கத்தில் நின்ற அப்பாவின் முகமும் மலர்ந்தது. தலைவர் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் கண் என் கையைத் தாண்டிப் போனது. மேசை மேல் வட்டமாக, மல்லாந்து, தயாராக இருந்த தட்டின் மேல் வெற்றிலையை வைத்துவிட்டார்.

அடுப்படியில் சட்டி கழுவுகிற சத்தம் நின்றது.

நான் பொத்தானை அழுத்தினேன். தட்டு சுற்றத் தொடங்கியது. பாக்கு உருண்டு கீழே விழுந்தது. வெற்றிலை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றுக்கு ஒரு தரம் அதன் காம்பு தலைவரைக் காட்டிவிட்டுப் போனது.

“என்ன தம்பி வெளையாடுற?”

“எடுங்க தலைவரே. கையில குடுங்க.”

“அட, நான் ஒண்ணும் நெனச்சு வைக்கல.”

“தெரியும். நெனக்காமத்தானே எப்பவும் வைக்கிறீங்க.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்தபோது முதலில் வந்து கை குலுக்கியவர். சுற்றுகிற தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்து, ஒரு சிரிப்போடு என் பக்கம் நீட்டினார். “இந்தா, கையிலேயே பிடி. போதுமா?”

“மொதல்ல அப்பாவுக்கு.”

சிரிப்பு போய்விட்டது. “அது வேற தம்பி. அது முறை. நீ படிச்ச புள்ள, ஒனக்குக் குடுக்கிறேன்னு சொல்றேன்ல?”

“ரெண்டு பேரும் ஒரே வேலைதான் தலைவரே செய்யிறோம். அவருக்குக் கையில இல்லன்னா எனக்கும் வேணாம். நாங்க ரெண்டு பேருமே வரல.”

“ஒங்க அப்பனக் கேட்டுட்டுப் பேசு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அம்மா வெளியே வந்தார். “மேடையே குடுத்தாங்கல்ல? ஒரு எடத்துலயாவது வாய மூடுறியா நீ?” அப்பா கீழே கிடந்த பாக்கைப் பொறுக்கினார். “சாமிக்கு அடிக்காம இருக்க முடியுமாடா?” என்றார்.  போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூப்பிட வந்தால் கையை நீட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

தலைவர் றொசல்லைப் பக்கத் தோட்டமொன்றில் தப்புக்கு ஆள் கேட்டிருக்கிறார். அங்கே அடிக்கிறவர் எங்கள் சொந்தக்காரர், எனக்கு மாமா முறை. செய்தி அதற்குள் மலை தாண்டிவிட்டது. “வாரோம் தலைவரே, எங்களுக்கும் கையிலதானே?” என்று மாமா கேட்டாராம்.

கொடியேற்றத்தன்று காலை, தூறலில் குடையில்லாமல் தலைவர் தனியாக வந்தார். அப்பா அவரைக் கண்டதும் ஆணியில் தொங்கிய தப்பை எடுத்தார், தோலை மேலே திருப்பினார், நீட்டினார். எவ்வளவு சொல்லியும் கைகள் பழகிய வேலையைச் செய்துவிட்டன. 

அம்மா வேகமாக வெளியே வந்து, அப்பாவின் கையிலிருந்து தப்பைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“இப்ப நீட்டுங்க” என்றார்.

வெறுங்கையை எப்படி நீட்டுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. ஒரு கையா, இரண்டு கையா என்று தடுமாறி, கடைசியில் இரண்டையும் சேர்த்து நீட்டினார். தலைவர் வெற்றிலையை வைத்தார். நனைந்த வெற்றிலை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டதால் விரலால் அழுத்திச் சரிசெய்யவேண்டியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஒனக்கும் ரெண்டு கையிலயா?”

“ஒரு கை போதும் தலைவரே.”

அன்று இரவு நான் மேடையில் நின்றேன். அப்பா கானுக்கு அந்தப் பக்கம்தான் நின்று அடித்தார். அதை இன்னும் கேட்கவில்லை. கேட்பேன், அடுத்த திருவிழா இருக்கிறது. கூரையும் இன்னும் ஒழுகுகிறது. அதையும் தோட்டத்து ஆபீசில் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

திருவிழா முடிந்து சாமான்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கியபோது மேசை இருந்த இடத்தில் புதிதாக ஒரு சொட்டு விழத் தொடங்கியிருந்தது. அம்மா மேசையைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டு, தனக்கென்று எடுத்து வைத்திருந்த டோஹாப் போர்வையால் இரண்டு தட்டையும் மூடினார்.

“பாக்கிறதுக்கு இன்னும் அடுப்பு மாதிரிதான் இருக்கு” என்றார்.