ஜெயபாண்டி ஏறாத பஸ்

சமயநல்லூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த ஜெயபாண்டியை ஊரைவிட்டுப் போகவிடாமல் செய்தது அவனிடம் சைக்கிள் கொடுத்த நாங்கள்தான். சுற்றி வளைப்பானேன், அதில் எனக்குத்தான் பெரிய பங்கு.

2003 வாக்கில் வீட்டுக்கு வீடு கியர் வைத்த மலை சைக்கிள் ஒன்று கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கியவை. மேடே இல்லாத ஊரில் பதினெட்டு கியர் எதற்கு என்று அப்பன்களுக்குத் தாமதமாகத்தான் உறைக்கும். ஜெயபாண்டி கியரைக் கழற்றிப் போடுவான். ஒல்லி டயர், வளைந்த ஹாண்டில்பார், மட்கார்டு, கேரியர் எல்லாம் மாட்டுவான். ஆளைச் சுவரோரம் சைக்கிளில் உட்காரவைத்து மிதிக்கச் சொல்லி, முழங்காலைப் பார்த்தே சீட் உயரத்தைச் சரிசெய்வான். புது சைக்கிள் விலையில் பாதிகூட ஆகாது.

வினை அங்கேதான் இருந்தது. எல்லாப் பாகமும் அவன் அரத்தால் ராவிப் பொருத்தியவை, ஒரு சைக்கிளில் இருப்பது இன்னொன்றில் சேராது. அளந்து எழுதி வைத்ததுமில்லை. வேறு கடைக்குப் போனால், "யாரு பண்ணுனாகளோ அவுகட்டயே போங்க" என்று விரட்டுவார்கள்.

அவன் மனைவி நாகஜோதி கோயம்புத்தூரில் மில் வேலை பார்த்தாள். வந்து நிற்கும் சைக்கிள்களை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாமல், இந்தா வாரேன், இந்தா வாரேன் என்றே அவளிடம் இரண்டு வருடம் ஓட்டினான். "ஜெயில்ல இருக்கவனுக்காச்சும் ரிலீஸ் தேதி இருக்குண்ணே" என்று ஒருநாள் என்னிடம் புலம்பினான். கடைசியில் அவளே அவனுக்கு அங்கே ஃபிட்டர் வேலை பேசி முடித்தாள். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, பூட்டிய கடை முன்னால் பையோடு நின்றான். தல்லாகுளத்து ஆபீசுக்குக் கிளம்பினேன்; அவன் மாற்றிக் கொடுத்த என் சைக்கிளின் பின்சக்கரம் இறுகிப்போக, தள்ளிக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்தினேன். பையைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் நின்றேன்.

"ஒரு நிமிசம்ணே" என்று ஷட்டரைத் தூக்கினான். திறந்த கடையைப் பார்த்து இன்னும் நாலு பேர் சைக்கிளோடு வந்துவிட்டார்கள். நான் கிளம்புவதற்குள்ளேயே ஒரு கோயம்புத்தூர் பஸ் போய்விட்டது.

சாயங்காலம் திரும்பும்போது பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து வந்துகொண்டிருந்தான்.

"வேற ஆளப் போட்டுட்டாகளாம்ணே. இனிமே வர வேணாம்னு நாகஜோதி சொல்லிருச்சு."

ஆபீசுக்கு நான் பஸ்ஸில் போயிருக்கலாம். நீ கிளம்புய்யா என்று காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

அவன் குனிந்து என் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"இப்ப இறுக்கம் இல்லாம ஓடுதாண்ணே?"

"நல்லா ஓடுது" என்றேன்.