லோர்னா ஹாவ்லிக் கேட்காத படிவம்

லோர்னா ஹாவ்லிக் இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அயோவாவின் பனியில் ஒரு குழந்தைக்கும் கீறல் விழாமல் ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவென்று இருந்தது தம்பி டெல்மர் ஒருவன்தான். சர்க்கரை நோயாளியான அவன் மாவட்டச் சிறைக்குப் போன மூன்றாம் நாள், இன்சுலின் இல்லாமல் செத்துப்போனான். அன்று பணியில் இருந்த சிறைக் காவலரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, 'அவன் மருந்து கேட்டானா, இல்லையா?' என்று கேட்க வேண்டும். லோர்னா வழக்குப் போட்டது அந்த ஒரு கேள்விக்காக.

நான் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனு வாங்கும் மேசைக்காரி. நூலகக் கணினியில் ஒற்றை விரலால் தட்டி அவர் கொண்டுவந்த மனுவை வாங்கி முத்திரை குத்தியதும் நான்தான். ஊழியர்கள் சட்ட ஆலோசனை தரமாட்டார்கள் என்று என் கண்ணாடித் தடுப்பில் ஒட்டியிருக்கிறது. மீறினால் வேலை போய்விடும்.

மார்ச்சில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நாலே பக்கம். அதில் டெல்மர், மனுதாரரின் கணவர் என்று எழுதியிருந்தது. மறுநாள் கதவு திறந்ததும் லோர்னா வந்து நின்றார்.

"கண்ணு, இந்த ஆளு படிக்கவே இல்ல. என் தம்பிய எனக்குப் புருஷனாக்கிட்டான். இவன் மேல எங்க புகார் குடுக்கணும்?"

கேட்ட படிவத்தைத் தரலாம், தந்தேன். நீதிபதியின் நடத்தை பற்றி, செயின்ட் லூயிஸில் இருக்கும் மேல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டிய புகார் அது. வழக்கைக் காப்பாற்றுவதோ மேல்முறையீடு. அதற்கு ஒற்றைப் பக்கப் படிவம், முப்பது நாள் கெடு. அதுவும் என் இழுப்பறையில்தான் இருந்தது.

"இது அங்க போயிட்டா மத்ததெல்லாம் அப்படியே நிக்கும்ல, அவங்க முடிவு சொல்ற வரைக்கும்?"

நிற்காது. அந்த ஒரு சொல் என் தொண்டைவரை வந்தது.

"அத நான் சொல்லக் கூடாது, மிஸ் ஹாவ்லிக். ஒரு வக்கீலக் கேளுங்க."

"பதினோரு பேரக் கேட்டாச்சு. ஒருத்தனும் எடுக்கல. பன்னண்டாவதா நீ சொல்லேன்."

சொந்தமாக வாதாடுபவர்களுக்கான எழுபது பக்கக் கையேட்டை அவர் பக்கம் தள்ளினேன். கெடு உள்ளே எங்கோ இருக்கிறது.

"இதுல ஒண்ணு வீட்ல மேசைக் காலுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்," என்று சிரித்தார்.

கோபம் அவரை நீதிபதியை விட்டு நகரவிடவில்லை. அவர் மேலேயே ஒரு வழக்குப் போட்டார். நீதிபதி ஆசனத்தில் அமர்ந்து செய்த வேலைக்காக அவர்மேல் நஷ்டஈட்டு வழக்கு நிற்காது என்று இன்னொரு நீதிபதி பத்தே நாளில் தூக்கியெறிந்தார்.

அதன்பிறகும் செவ்வாய்தோறும் வந்தார். செயின்ட் லூயிஸ் பதில் வீட்டுக்குத்தான் வரும் என்பது அவருக்கும் தெரியும். வீட்டில் பேச ஆளில்லை, அவ்வளவுதான். அவர் அம்மா வழி செக் பலகாரம், கொலாச்சே கொண்டுவருவார். நாங்கள் எதையும் வாங்கக் கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தானே தின்றபடி, டெல்மர் ஆப்ரிகாட் பழம் வைத்ததை மட்டும் பொறுக்கித் தின்னும் கதையைச் சொல்வார். இருபத்தொன்பதாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை; மறுநாள் கெடு முடிகிறது. அன்று மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். காரணம் காட்டி அவகாசம் கேட்க இன்னும் முப்பது நாள் இருந்தது. அதுவும் போயிற்று.

ஜூனில் கடிதம் வந்தது. புகார் தள்ளுபடி, தீர்ப்பில் பிழையிருந்தால் அதற்கு வழி மேல்முறையீடு.

"மேல்முறையீட்டுப் படிவம் குடு கண்ணு," என்றார் லோர்னா.

கேட்டுவிட்டார். கொடுத்தேன். நின்றபடியே நிரப்பினார். யார் எதைக் கொடுத்தாலும் வாங்குவது என் கடமை. தேதி முத்திரை குத்தினேன். அந்தத் தேதியையும் தீர்ப்பின் தேதியையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கெடு முடிஞ்சிருச்சா?"

'அத நான் சொல்லக் கூடாது' என்று பழக்கத்தில் வாய் திறந்தது, மூடிக்கொண்டேன்.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தன் பிரதியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இந்தக் கட்டடத்துல எனக்குக் கெடச்ச மொத பதில் இதுதான்," என்றார்.

அதற்கடுத்த செவ்வாய் அவர் வரவில்லை.