கால் மட்டும் என்னுடையது

என் காலை வைத்து ஒரு ஷூ கம்பெனி பிழைத்தது. என் முகம் மட்டும் அதற்கு ஆகவில்லை. இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஆம்பூரில் அம்மாவும், அம்மாவின் தம்பியான என் மாமாவும் சேர்ந்து ஒரு விளம்பரத் தொழில் நடத்தினார்கள். தொழில் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் விற்கும் கடைக்கு மேலே ஒரே அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், மாமா கல்யாண வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்த கேமரா, வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். கீழேயிருந்து ஏறிவரும் சொல்யூஷன் நெடியில் புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். மாமா படம் எடுப்பார். அம்மா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எழுத்துச் சேர்த்து, நோட்டீஸாகவும் ஃப்ளெக்ஸாகவும் ஆக்கித் தருவாள். ஷூ ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா இதை ‘உங்கம்மா கம்பெனி’ என்று ஒரு தினுசாகச் சொல்வார். அதில் கேலி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அம்மா இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது வருகிற ஆட்களிடமிருந்துதான். மூன்று டிசைன் காட்டினால் அதில் மட்டமானதைத்தான் எடுப்பார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு, மட்டமாக ஒன்றைச் செய்வதையே விட்டுவிட்டாள். கடையின் பெயரை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் இன்னும் பெரிதாக்கச் சொல்வார்கள் என்பதால், முதலில் வேண்டுமென்றே சின்னதாகப் போட்டுக் காட்டுவாள். அவர்கள் ‘பெருசு பண்ணும்மா’ என்பார்கள். அவளும் முகத்தை யோசனையாக வைத்துக்கொண்டு, ஏற்கெனவே நினைத்து வைத்திருந்த அளவுக்குப் பெரிதாக்குவாள். போகிறவர் தானே டிசைன் செய்ததுபோலத் திருப்தியாகப் படி இறங்குவார். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, உலகத்தில் என் அம்மாவை ஏமாற்ற ஆளே இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு வாய்த்த பெரிய கஸ்டமர் ஒரே ஒருவர். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஷூ தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி அவர். அந்த வருஷம் சொந்தமாக ஒரு பெயர் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் கறுப்பு ஷூவை இங்கேயே விற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஜூனில் பள்ளி திறக்கிற சமயத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பெரிய ஃப்ளெக்ஸ் நிற்க வேண்டும். ஒரு பிள்ளை ஷூ போட்டுக்கொண்டு துள்ளிக் குதிக்க வேண்டும். பின்னால் பச்சையாக, ஃபாரின் மாதிரி இருக்க வேண்டும்.

பச்சைக்குப் பக்கத்திலேயே ஏலகிரி மலை இருந்தது. பிள்ளைக்கு எங்கே போவது என்று அம்மாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தபோது நான் அங்கேயே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இவ இருக்காளேக்கா.”

“வாணாம்டா. வீட்டுப் புள்ளைய எதுக்கு வியாபாரத்துல இழுக்கற?” என்றாள் அம்மா.

நான் விடவில்லை. சாப்பிடும்போதும் கேட்டேன், தலை வாரும்போதும் கேட்டேன். சடை பின்னி முடிப்பதற்குள் அம்மா சரி என்றுவிட்டாள்.

பஸ் மாறி மாறி ஏலகிரி போனோம். முந்தின நாள் பெய்த மழையில் புல்வெளி நடுவில் ஒரு சின்னக் குட்டை தேங்கியிருந்தது. புது யூனிஃபார்ம், புது ஷூ போட்டுக்கொண்டு அதைத் தாண்டித் தாண்டிக் குதித்தேன். ஷூ குதிகாலைக் கடித்தது. சொன்னால் நிறுத்திவிடுவார்களோ என்று சொல்லாமல் குதித்தேன். மாமா மண்ணில் படுத்துக்கொண்டு, “சிரிக்கிற மாரி நடிக்காத. சிரி” என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு வலியில் பல்தான் தெரிந்ததே தவிர சிரிப்பு வரவில்லை. கேமராவுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று குடையை மாமாவிடம் போட்டுவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, தானும் அந்தக் குட்டையைத் தாண்டினாள். பாதிதான் தாண்டினாள். சேறு அவள் முகம்வரை தெறித்தது. அதைப் பார்த்துவிட்டு நான் அடுத்துக் குதித்தபோது எடுத்த படம்தான் சரியாக வந்தது.

அந்தப் படத்தை அம்மா கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிக் காட்டினாள். ஸ்கிரீன் முழுக்க என் முகம். ஒரு பல் விழுந்த இடம், சடை காற்றில் எழும்பி நிற்பது, கண் இடுங்கியிருப்பது எல்லாம் தெரிந்தது. எனக்கு என் முகத்தை அதற்கு முன் அவ்வளவு பிடித்ததில்லை.

மறுநாளே தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த அன்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். டீச்சருக்கும் சொன்னேன். என் பக்கத்தில் உட்காரும் ஹசீனாவிடம், பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் முதலில் என்னைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் வருவார்கள் என்று சொன்னதாக ஞாபகம். ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்ட சாயங்காலம், பள்ளி விட்டதும் ஒரு கூட்டமே என் பின்னால் வந்தது.

போர்டு நின்றது. புல்வெளி இருந்தது, குட்டை இருந்தது. குதித்துக்கொண்டிருந்தவளுக்குச் செம்பட்டை முடி, பூனைக் கண், ரோஸ் நிறக் கன்னம். எங்கேயோ வெள்ளைக்காரத் தேசத்தில், எதற்காகவோ சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் தலை, என் கழுத்தின்மேல் இருந்தது. கையும் காலும் அந்த முகத்துக்குப் பொருந்துகிற மாதிரி வெளுத்திருந்தன. ஆனால் கால் என்னுடையதுதான். சைக்கிளிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு வலது முட்டியில் அப்படியே இருந்தது.

“எங்கடி நீ?” என்றாள் ஒருத்தி.

“அதான். அந்தக் காலு” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? முட்டியைக் காட்டினேன். மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஹசீனா மட்டும் சிரிக்கவில்லை. போர்டின் கீழே போய் நின்று, அண்ணாந்து நன்றாகப் பார்த்துவிட்டு, நீதிபதி மாதிரிச் சொன்னாள்.

“காலு இவளுதுதான். மூஞ்சிதான் யாருதோ. ரொம்ப பேஜார்டி இது.”

அன்றிலிருந்து பள்ளியில் எனக்குப் பெயர் ‘காலு’.

வீட்டுக்குப் போகாமல் நேராக அம்மாவின் அறைக்கு ஓடினேன். யாரோ திருட்டுத்தனமாகச் செய்துவிட்டார்கள், அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே படி ஏறினேன். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அம்மா கம்ப்யூட்டரிலிருந்து திரும்பவில்லை.

“தெரியும். நான்தான் மாத்தினேன்” என்றாள்.

ஏன் என்று கேட்டேன். மாமாதான் சொன்னார். முதலாளி படத்தைப் பார்த்ததும், ஷூ ரொம்ப நன்றாக விழுந்திருக்கிறது என்றாராம். பிறகு, “நம்ம ஊரு புள்ளயப் போட்டா நம்ம ஊர்ல செஞ்சதுன்னு தெரிஞ்சிடும்மா. யாரு வாங்குவான்? கொஞ்சம் கலரா, ஃபாரின் புள்ள மூஞ்சியா போட்டுடு. காலு இருக்கட்டும்” என்றாராம்.

அதை அன்று கேட்டபோது எனக்கு வந்தது அழுகை. இப்போது வருவது வேறு. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது தோல் வேலைக்கோ ஷூ வேலைக்கோ போனார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் கால் அளவெல்லாம் என் அப்பாவுக்கு மனப்பாடம். அவர்கள் போட்டு நடப்பதற்கு எங்கள் ஊரில் செய்தது ஆகும். எங்கள் ஊரில் செய்ததை எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு விற்க மட்டும், எங்கள் ஊரில் செய்தது என்று தெரியக்கூடாது. இதைச் சொன்னவர் எங்கிருந்தோ வந்தவரும் இல்லை. என்னைவிட ஒரு பிடி கறுப்பு அவர்.

ஷூ நன்றாக விற்றது. எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் காலில் அதுதான். அந்தச் சந்தோஷத்தில் முதலாளி ஒருநாள் ஸ்வீட் டப்பாவும், எனக்கென்று ஒரு ஜோடி ஷூவும் எடுத்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை என்பதால் நான் அங்கேதான் இருந்தேன்.

“இதான் நம்ம மாடலா?” என்று கன்னத்தைத் தட்ட வந்தார். நான் நகர்ந்துகொண்டேன்.

“என் மூஞ்சிய ஏன் எடுத்தீங்க?”

“இன்னா பாப்பா?”

“போர்டுல இருக்கற காலு என்னுது. என் மூஞ்சி வாணாம்னா என் காலும் வாணாம். எடுத்துடுங்க.”

அவர் சிரித்தார். அம்மாவைப் பார்த்து, “நல்லா பேசுதே. வக்கீலுக்குப் படிக்க வைம்மா” என்றார். பிறகு என்னிடம் குனிந்து, “உன் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல் கண்ணு? லட்சணமாத்தான் இருக்க. வியாபாரம்னு வந்தா அது வேற” என்றார்.

“வேறன்னா இன்னா?”

அவர் ஷூ டப்பாவை என் கையில் திணித்தார். நான் தள்ளிவிட்டேன். டப்பா விழுந்து திறந்துகொண்டு, ஒரு ஷூ அவர் நாற்காலிக்குக் கீழே போய்விட்டது. அம்மா என்னை அடிப்பாள், சாரி சொல்லச் சொல்லுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா இரண்டும் செய்யவில்லை. எழுந்து வந்து, குனிந்து ஷூவைத் தேடி எடுத்து, டப்பாவில் வைத்து மூடி அவரிடமே கொடுத்தாள்.

“அவளுக்கு ஷூ இருக்குது சார்.”

முதலாளிக்குச் சங்கடமாகப் போயிருக்க வேண்டும். பேச்சை மாற்றினார். அடுத்து ஸ்கூல் பேக் போடப் போகிறாராம். அதற்கும் ஒரு போர்டு வேண்டுமாம். சமாதானம் செய்வதாகவே நினைத்துக்கொண்டு, “அதுக்கும் இவளையே வெச்சி எடுத்துடும்மா. பேக்குன்னா பின்னாடிதான தெரியணும். இந்தத் தொல்லையே இல்ல” என்றார்.

“வாணாம் சார். எங்க வீட்டுப் புள்ள இனிமே வராது. வேற ஆளக் கூட்டிட்டு வாங்க, செஞ்சு தர்றேன்” என்றாள் அம்மா.

அவர் பார்க்கலாம் என்று எழுந்து போனார். பை விளம்பரத்தை வேலூரில் வேறு யாரிடமோ கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதன்பின் அந்த அறைக்கு அவர் வரவில்லை. அம்மாவும் மாமாவும் வெகுநாள் வரைக்கும் கல்யாண ஃப்ளெக்ஸும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸும் போட்டே காலம் தள்ளினார்கள்.

ஆனால் அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒன்றுதான். முதலாளிக்காவது என் காலும் முதுகும் ஆகும். அம்மாவுக்கு நான் மொத்தமாகவே ஆகவில்லை. தடதடவென்று படி இறங்கிப் போய், சொல்யூஷன் கடையின் காலி டின்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மாமா பின்னாலேயே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உங்கம்மா மேல கோவப்படாத” என்றார். “ஃப்ளெக்ஸ் அடிக்கிற ப்ரெஸ்ல ஒரு பையன் இருக்கான், மூஞ்சி மாத்தறத அவன்கிட்ட குடுத்துடலாம், நீ செய்ய வாணாம்க்கான்னு நான்தான் சொன்னேன். ஒத்துக்கல. என் புள்ள மூஞ்சிய இன்னொருத்தன் எதுக்கு வெட்டணும், நானே செய்றேன்னுட்டா. காலைல உக்காந்தவ, சாயந்தரம் வரைக்கும் அந்த ஒரு படத்த வெச்சிக்கினே உக்காந்திருந்தா. சோறு எடுத்துட்டு வந்தேன், அதையும் தொடல.”

மாமா எதற்காக அதைச் சொன்னாரோ, எனக்குள் அது நேர்மாறாகப் போய் இறங்கியது. வேறொருவன் செய்திருக்க வேண்டியதை இவள் கேட்டு வாங்கிச் செய்திருக்கிறாள். அதையும் போகிற போக்கில் செய்யவில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்திருக்கிறாள். அந்த வருஷம் முழுவதும் நான் அம்மாவிடம் தலை வாரிக்கொள்ளவில்லை. கோணல் வகிடோடு பள்ளிக்குப் போனேன். அவளும் சீப்பை எடுத்துக்கொண்டு வரவில்லை.

இப்போது அந்தத் தொழிலை நான்தான் பார்க்கிறேன். ‘கொஞ்சம் கலரா ஒரு மூஞ்சி போடுங்க மேடம்’ என்று மாதத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார்கள். நான் முடியாது என்கிறேன். சிலர் போய்விடுகிறார்கள், சிலர் இருக்கிறார்கள். போகிறவர்களை நினைத்து எனக்கு வருத்தம் இல்லை, ஆத்திரம்தான். அந்த வேலையைச் செய்துகொடுக்க ஆளா இல்லை? ஒரு படத்தில் இருக்கும் முகத்தை எடுத்துவிட்டு இன்னொரு முகத்தை வைப்பது, கை பழகியவர்களுக்கு ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற காரியம். அம்மாவுக்கு அதற்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. மாமாவின் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கு எனக்கு அது தெரியாது.