கொசோவோக்காரர் வீட்டில் என் மகள்

எதிர்வீட்டுக் கொசோவோக் குடும்பத்தோடு பழகக் கூடாதென்று எட்டு வயது மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது சண்டை மட்டும்தான்.

போன மாசியில் ஒருநாள், முதியோர் இல்லத்தில் வேலை முடியத் தாமதமாகிவிட்டது. டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் கிரின்ஸ்டெட் நகர் முழுவதும் பனி. வீடு பூட்டியிருந்தது. வாசற்படியில் மகளின் புத்தகப்பை மட்டும் கிடந்தது. அவளைக் கூப்பிட்டுக்கொண்டே தெருவுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டு யன்னலில் அவள் தலை தெரிந்தது. கதவைத் திறந்த பெண்ணை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். மகள் சூடான கீரை ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எழும்படி! நான் உனக்கு என்ன சொன்னனான்?"

அவள் வழக்கம்போல் டேனிஷில் பதில் சொன்னாள். "இவர்கள் கூடாதவர்கள் என்று சொன்னீங்கள். ஆனால் எனக்குக் குளிர்ந்தது, அம்மா."

அந்தப் பெண்ணுக்கும் டேனிஷ் தெரியும். நான் தலைகுனிந்தேன். பனி ஒட்டிய சப்பாத்தோடு நான் அவருடைய கம்பளத்தில் நிற்பது அப்போதுதான் தெரிந்தது.

"எங்கள் நாடு சின்னது, சுற்றிவர மலை," என்றார் அவர். "போரில் மலை தாண்டி அல்பேனியாவுக்கு ஓடினோம். முன்பின் தெரியாதவர்கள்தான் கதவைத் திறந்தார்கள். வாசலுக்கு வந்தவரை நாங்கள் வெளியே நிற்க விடுவதில்லை. சப்பாத்தைக் கழற்றுங்கள், சாப்பிடலாம்."

புறப்படும்போது, காலை நுழைக்க வசதியாக என் சப்பாத்துகள் வெளிப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. விருந்தினருக்கு அப்படிச் செய்வது அவர்கள் வழக்கமாம்.

என் சொல்லைக் கேட்டு மகள் அந்தக் குளிரில் வெளியிலேயே நின்றிருந்தால்? இப்போதும் எனக்குப் பயம் அதுதான்.