பூ வைக்காத படம்

தவம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி மலர் அக்கா காலையில் அழைத்துச் சொன்னார். நான் மொன்றியலின் லாசால் பகுதியில் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை.

மொன்றியல் துறைமுகத்தருகே கிடங்கில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய சட்டைப் பையில் இருந்த படத்தைத் தெரிந்திருக்கும். வன்னியில் போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமற்போன தம்பியின் படம். “காணேல்லை எண்டால் செத்துப்போனான் எண்டு ஆர் சொன்னது?” என்பார். மேலே கதைத்தால் சாப்பாட்டுப் பெட்டியோடு வேறு மேசைக்குப் போய்விடுவார். பொல்லாத கோபக்காரர்.

எங்களோடு வேலை செய்த குர்தியர் ரிஸ்கார் தன் தங்கையின் கல்யாணத்துக்கு அழைத்தபோது, ஈராக்கின் குர்திஸ்தானுக்கு இருவரும் போனோம். மலைப்பாதை முழுக்கச் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் அண்ணையின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அழிக்கப்பட்ட ஊர்களை ரிஸ்கார் காட்டிக்கொண்டே வந்தான். எனக்கு வன்னிக்குள் போவது போலவே இருந்தது.

ரிஸ்காரின் வீட்டுச் சுவரில் அவன் தகப்பனின் படம் பிளாஸ்டிக் பூக்களோடு தொங்கியது. ஈராக் இராணுவம் லொறியில் ஏற்றிக்கொண்டு போன மனிதர் அவர். ரிஸ்காரின் தாய் அண்ணையிடம் தம்பியின் படத்தை வாங்கிப் பார்த்துக் கண்கலங்கினார். அதைக் கணவரின் படத்தருகே சாத்தி, ஒரு பூவைச் செருகினார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. அண்ணையோ பாய்ந்து பூவைப் பிடுங்கி எறிந்தார். எங்களுக்குள் செத்தவர்களின் படத்துக்குத்தான் பூ வைப்பார்கள் என்று ரிஸ்காருக்கு விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அவன் அதைத் தாயிடம் சொன்னான். அவர் குனிந்து பூவை எடுத்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். ரிஸ்கார் மொழிபெயர்த்தான்: “புதைகுழியைத் தோண்டி எலும்பைக் கொண்டுவந்து தரும்வரைக்கும் நானும் பூ வைக்கவில்லை.” அண்ணை அந்தத் தாயின் காலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

அண்ணையின் செத்தவீட்டில் மலர் அக்கா தம்பியின் படத்தை என்னிடம் நீட்டினார். “இவருக்குப் பக்கத்தில வைச்சு ரெண்டுபேருக்கும் மாலையைப் போடுவமே? அவன் வருவான் எண்டு இனி ஆர் பாத்துக்கொண்டு இருக்கிறது?”

தம்பி உயிரோடு இல்லை என்றுதான் நான் என்றைக்கும் நினைத்தேன். அண்ணையிடம் சொல்லத் துணிவு வரவில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும், “வேண்டாம் அக்கா, நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்” என்று சொல்லிப் படத்தை வாங்கிவந்துவிட்டேன்.