ஈறு பார்க்கும் மனிதர்

அம்மாவின் முடக்குவாதத்துக்காகக் கிள்ளான் நகரில் ஒரு கிளினிக்குக்குப் போவோம். அங்கே காத்திருப்பவர்களில் ஒருவர், பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கைபேசி விளக்கை அடித்து வாயைத் திறக்கச் சொல்வார். மடிப்புக் கலையாத சட்டை போட்டிருப்பார். விரல்கள் மட்டும் அம்மாவுடையவை போலவே கோணியிருக்கும்.

“ஈறுல ரத்தம் வருதா அக்கா? அந்தக் கிருமிதான் நம்ம ஒடம்ப நமக்கே எதிரியாக்குது. பல்ல சரிபண்ணிட்டு மாத்திரைய தூக்கிப் போடுங்க லா.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் உயிரியலில். அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போனதும் டாக்டரிடமே கேட்டுவிட்டார்.

“தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க ஆன்டி. பல் டாக்டரப் பாருங்க. ஆனா மாத்திரைய நிறுத்தக்கூடாது.”

அம்மாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. பல்லைச் சுத்தம் செய்துகொண்டார். எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினார். சில மாதங்களில் விரல்கள் மடங்கிப்போய், ஷா ஆலமில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையையும் விட்டார்.

அதன்பிறகு கிளினிக்குக்குப் போனபோது அந்த மனிதர் மருந்துக் கவுண்டரில் அம்மா நிறுத்திய அதே மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தார்.

“அங்கிள், நீங்க நிறுத்தலையா?”

“எங்க தம்பி, பொண்டாட்டி விடமாட்டேங்கிறா” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்: “அம்மாவுக்கு ஈறு இப்ப எப்படி?”

ஈறு நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.