ஹாலுக்குள் ஒரு மலைப்பாதை

இரவில் தூங்காதவன் என்று என்னைப் பற்றி நானே பரப்பி வைத்திருந்த புகழ், எங்கள் மகள் பிறந்த ஒரே வாரத்தில் பொய்யாகிப் போனது. தலைமாட்டில் நாலைந்து புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு, "ராத்திரின்னா எனக்குத் தூக்கமே வர்றதில்ல" என்று வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்தவன் நான். அதைச் சொல்லும்போது முகத்தில் சிந்தனையாளனின் களைப்பு ஒன்றையும் வரவழைத்துக்கொள்வேன். நாற்பத்தாறு வயதில் அப்பாவாகப் போகிறோம் என்று தெரிந்ததும், எல்லாரும் பயப்படுகிற அந்த இராவேலை எனக்குப் பூமாதிரி என்று உறவு முழுக்க அறிவித்தேன்.

குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்ட உட்காருவேன். அந்த ஆட்டத்தில் முதலில் தூங்குவது நான். குழந்தை அழுதால் எழுந்திருப்பவள் என் மனைவி. நான் எழுந்திருப்பது காலைக் காப்பிக்கு. என் குறட்டையைப் பற்றியும் வீட்டில் சில அபிப்பிராயங்கள் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போது நினைத்தேன்.

முதல் மாதம் மாமியார் கூடவே இருந்ததால் என் லட்சணம் பெரிதாக வெளியே தெரியவில்லை. மன்னவனூரில் அவருக்குப் பூண்டுக் காடு. பூண்டு பிடுங்கும் பருவம் வந்ததும் பையைக் கட்டிவிட்டார். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, இனிமே ராத்திரிக்குப் பிள்ளய யாரு பாக்குறது?"

"நான் இருக்கேன்ல, அத்தை."

"நீங்க இருப்பீங்க. கட்டில்ல கெடப்பீங்க. பாக்குறது யாருன்னுல்ல கேட்டேன்."

நல்லவேளையாகப் பஸ் வந்துவிட்டது. அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

அடுத்த சில நாட்களில் என் மனைவி நடமாடும் நிழலாகிவிட்டாள். ஒருநாள் சமையலறையில் குக்கர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என்ன என்று கேட்டேன். விசிலுக்குக் காத்திருக்கிறேன் என்றாள். அடுப்பைப் பற்றவைத்திருக்கவே இல்லை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குத் தங்கம் வேணாம், பட்டு வேணாம்," என்றாள். "ஒரே ஒரு ராத்திரி, விடியிற வரைக்கும் யாரும் எழுப்பாம தூங்கணும். அம்புட்டுத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ராத்திரி முழுக்கக் குழந்தையை நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். பாலுக்கு வழி இருந்தது. தாய்ப்பாலைச் சாயங்காலமே எடுத்து மூடி வைத்துவிடுவாள். நான் வெந்நீரில் வைத்துச் சூடாக்கிச் சங்கில் புகட்டினால் போதும். குடித்த பிறகு தூங்க வைப்பதுதான் பாடு. தூளியில் போட்டால் இரண்டு கண்ணும் திறந்துகொள்ளும். தூளியை ஆட்டினால் என் கண் இரண்டும் மூடிக்கொள்ளும்.

அப்போதுதான் அந்த டாக்சிப் பயணம் நினைவுக்கு வந்தது. பிரசவம் வத்தலக்குண்டில் நடந்தது. குழந்தையோடு மலையேறிய அன்று, வழக்கம்போல ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தேன். இந்த மலையில் இத்தனை வருடம் குடியிருந்தும் என் வயிறு இன்னும் மலையை ஒத்துக்கொள்ளவில்லை. மகளோ அடிவாரம் முதல் வீட்டு வாசல் வரை அசையாமல் தூங்கினாள். டிரைவர் திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடித்தார், அதற்கும் அசையவில்லை. நான் படித்த குழந்தை வளர்ப்புப் புத்தகங்களெல்லாம் சமவெளிக்காரர்கள் எழுதியவை என்பது எனக்கு உறைத்தது. இது மலைப் பிள்ளை. இதற்கு வளைவு வேண்டும்.

அன்று இரவு பத்து மணிப் பாலைக் கொடுத்துவிட்டு மனைவி படுத்தாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து கதவைச் சாத்தினேன். குளிருக்கு நான் ஸ்வெட்டர், மங்கிக் குல்லா, அதற்குமேல் இருவருக்கும் சேர்த்து ஒரு கம்பளி. அன்று டாக்சி ஏறி வந்த அதே மலைப்பாதை ஹாலுக்குள் தயாராக இருந்தது. சோபா முனை டம் டம் பாறை. புத்தக அலமாரி பெருமாள்மலை. சொட்டுகிற குழாயை வெகுநாளாக நான் சரிசெய்யாததால் வாஷ்பேசின் வெள்ளி அருவி ஆனது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றினால் ஊர் வந்துவிடும். குழந்தையைத் தோளில் சாய்த்து, ஒவ்வொரு முனையிலும் உடம்பை ஒருபக்கமாக ஒடித்து, உதட்டுக்குள்ளேயே "பாம்... பாம்" என்றபடி மலையேறினேன்.

மூன்றாவது தடவை ஏறும்போது தோளில் கனம் கூடியது. தூங்கும் குழந்தை ஏன் அதிகம் கனக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. கழுத்தில் அதன் மூச்சு, வெதுவெதுப்பாக, பால் மணத்தோடு. சரி என்று ஒரு வளைவில் ஹாரனை விட்டுவிட்டேன். உடனே ஒரு கண் திறந்து என்னைப் பார்த்தது. மலையில் ஹாரன் அடிக்காமல் திரும்பக்கூடாதுதான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடித்தேன். கண் மூடியது.

நடுவில் இரண்டு தடவை பசித்து எழுந்தாள். பால் புகட்டி, முதுகைத் தட்டி, அவள் வயதுக்குப் பொருந்தாத ஒரு ஏப்பத்தை வாங்கிக்கொண்டு, மறுபடி வண்டியை எடுத்தேன். ஒருதடவை பெருமாள்மலையில் திரும்புகிறேன், ஜன்னலுக்கு வெளியே மூச்சுச் சத்தம். ஒரு காட்டுமாடு, மூடுபனியில் பாதி தெரிந்தும் தெரியாமலும், எங்கள் வேலிச் செடியை மென்றுகொண்டு என்னையே பார்த்தது. எதிரே வந்த ஒரே வாகனம் அதுதான். ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்று அதனிடம் சட்டம் பேச முடியவில்லை. அது போகும்வரை ஓரமாக நின்றேன். தோளில் மகள் தூக்கத்திலேயே சிரித்தாள். யாரைப் பார்த்தென்று தெரியாது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலில் உணர்ச்சியே இல்லை, ஆனாலும் அந்த மலையில் அந்நேரம் என்னைவிடச் சந்தோஷமான டிரைவர் யாரும் இருந்திருக்க மாட்டார்.

விடிந்து வெயில் எட்டிப் பார்த்தபோது கதவு திறந்தது. தலை கலைந்து, நைட்டியின் முன்பக்கம் பாலில் நனைந்து, கன்னத்தில் தலையணையின் சுருக்கம் பதிந்து நின்றாள் என் மனைவி. பல நாளுக்குப் பிறகு பார்க்கிற பழைய முகம்.

"ஏங்க, விடிஞ்சிருச்சா? ஏன் எழுப்பல? நெஞ்சு கல்லாக் கெடக்கு, குடுங்க பிள்ளய." சொல்லும்போதே சிரித்தாள். குழந்தை வெரசாகக் குடிக்கிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. இருவரையும் பார்த்தபடி, வளைவும் ஹாரனும் பற்றிய என் கண்டுபிடிப்பை விளக்கினேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இதை எழுதி வைக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது பூண்டுக் காட்டிலிருந்து மாமியார் போன் செய்தார். காட்டில் நின்று பேசுகிறவர் என்பதால் ஸ்பீக்கர் போடாமலே அவர் குரல் சமையலறை வரை வந்தது.

"தூங்குனியாடி?"

"நல்லாத் தூங்குனேம்மா. அடிச்சுப் போட்ட மாதிரி."

"பிள்ள அழுகலயா?"

"பிள்ள அழுதா என்னம்மா, பாலக் குடுத்துட்டு அடுத்த நிமிசமே தூங்கிருவேன். அவரு கொறட்டைதான் என்னயத் தூங்க விடாது. நேத்து பிள்ளயோட சேத்து அதையும் தூக்கிக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாரு."